வாய் திறந்தால் ஜபர்

விடியற்காலைத் தொழுகை முடிந்து ஆண்கள் சந்துக்குள் திரும்பும் நேரத்தில் நடுவீட்டு வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். எதுவும் ஜோடியாகக் கிடக்காது. ஒன்று படியில் கிடந்தால் மற்றது சாக்கடை ஓரத்தில் கிடக்கும். பள்ளிக்கூட வேன் வருவதற்குள் பிள்ளைகள் ஒரு மணி நேரம் ஓதிவிட்டுப் போகவேண்டும். பாதிப் பேர் கண்ணில் தூக்கத்தோடும், மீதிப் பேர் கையில் கடித்த ரொட்டியோடும் வருவார்கள்.

ஓதிக்கொடுப்பவளைப் பிள்ளைகள் உஸ்தாபி என்பார்கள். நாளடைவில் பெரியவர்கள் வாயிலும் அதுவே நின்றுவிட்டது. அவளுக்கு முப்பது வயதுதான் இருக்கும். புருஷன் லாரிப் பட்டறையில் மெக்கானிக். பிள்ளைகளுக்கு அவன் ஸ்பானர் மாமா. முன்னறைச் சுவரில் கரும்பலகை அடித்துக் கொடுத்தது அவன்தான். ஏதோ ஒரு லாரியின் அடிச்சட்டத்துக்குப் பூசிய கறுப்புப் பெயிண்டின் மிச்சம் அது. மழைநாளில் அறை முழுக்க லாரி வாசனை அடிக்கும்.

"மேல கோடு போட்டா?" என்று அவள் கேட்பாள்.

"ஜபர்!"

"வாய்?"

"திறக்கணும்!"

"கீழ கோடு?"

"ஜேர்! பல்லைக் காட்டணும்!"

"மேல கொம்பு?"

"பேஷ்! உதட்டைக் குவிக்கணும்!"

அரபி எழுத்தின் மேலும் கீழும் வரும் இந்தக் குறிகள்தாம் அதற்கு அ, இ, உ என்ற ஓசையைக் கொடுக்கின்றன. கோடு ஒன்று இடம் மாறினால் சொல் மாறிவிடும். வேதத்தை ஓதுகிறவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல. அதைப் பிள்ளைகளுக்கு அவள் தமிழை வைத்தே புரியவைப்பாள்.

"பாலுக்குக் காலை எடுத்துட்டா என்ன ஆகும்?"

"பல்!"

"காலையில எந்திரிச்சு பல் குடிச்சேன்னு சொன்னா?"

அறை உருண்டு சிரிக்கும். எல்லோரையும்விடப் பலமாகச் சிரிப்பவள் பேக்கரிக்காரம்மாவின் மகள். ஆறு வயது. முன்பற்கள் இரண்டும் விழுந்து, ஸ சொன்னால் விசில் வரும். அதனால் அவளுக்குப் பெயர் ஓட்டைப்பல். உஸ்தாபியின் சொந்த மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிற வாலு. அவள்தான் இந்தப் பெயரை வைத்தது.

உஸ்தாபிக்குக் கணீரென்ற குரல். எதிர்வரிசையில் துணி தேய்ப்பவர், தன் வீட்டுக் கடிகாரம் ஓடாத நாளிலும் நேரம் தப்பியதில்லை என்பார். அவள் குரலுக்குத்தான் அவர் அடுப்புக்கரி பற்றவைப்பது.

தொண்டையின் ஆழத்திலிருந்து எடுக்கவேண்டிய ஐன் என்ற எழுத்தை ஒருநாள் அவள் கழுத்தை நிமிர்த்திச் சொல்லிக்காட்டினாள். முன்வரிசையில் இருந்த ஓட்டைப்பல் கூர்ந்து பார்த்தாள்.

"உஸ்தாபி, உங்க கழுத்துல ஒரு எலுமிச்சங்காய் ஏறி இறங்குது."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனாள். ஆனால் கை மறுபடியும் மறுபடியும் கழுத்துக்கே போனது.

தைராய்டில் கட்டி. கெட்ட கட்டியில்லை என்றாலும் எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து, மகள் எங்கே என்று கேட்க வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

"குரலுக்குப் போற நரம்பு கன்றிப்போயிருக்கு. அறுந்து போகல," என்று டாக்டரம்மா அவள் புருஷனிடம் சொன்னார். "ஆறு மாசத்துக்குள்ள திரும்ப வரலாம். பழைய மாதிரியே வருமான்னு என்னால சொல்ல முடியாது. அதுவரைக்கும் கஷ்டப்பட்டுப் பேசக்கூடாது. ரகசியம் பேசற மாதிரி கிசுகிசுக்கவும் கூடாது."

"வராமலே போயிடுமா?"

"அதுவும் நடக்கலாம்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

வீடு சத்தமில்லாமல் போயிற்று. அவளால் மகளைச் சாப்பிடக் கூப்பிட முடியவில்லை. குக்கரின் மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைக்கச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் சந்தில் தண்ணீர் வண்டி பின்னால் நகர்ந்து வந்தது. வாலு அதற்கு முதுகைக் காட்டிப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் நின்ற அவள் வாயைத் திறந்தாள், கையைத் தட்டினாள், கடைசியில் கையிலிருந்த எவர்சில்வர் தட்டைத் தெருவில் வீசினாள். அந்தச் சத்தத்தில்தான் பிள்ளை விலகியது. அன்றைக்கு அவள் அழுத அழுகையிலும் சத்தமில்லை.

மறுநாள் அவள் புருஷன் பட்டறையிலிருந்து ரப்பர் குமிழ் வைத்த பழைய ஹார்ன் ஒன்றைக் கொண்டுவந்து சமையலறை மேடையில் வைத்தான்.

"கூப்பிடணும்னா இதை ஒரு அமுக்கு அமுக்கு. ஒரு தடவை அடிச்சா பிள்ளை, ரெண்டு தடவை அடிச்சா நான்."

அவள் முறைத்தாள்.

"மூணு தடவை அடிச்சா எங்க அக்கா வரும். அதனால மூணு அடிச்சிடாதே."

அவளுக்குத் தோள் குலுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு முதல் சிரிப்பு அது.

அவன் அக்கா பக்கத்து வீடு. தையற்காரி. புருஷன் போனபின் இரண்டு மகன்களையும் தையல் மெஷின் மிதித்தே ஆளாக்கி வேலைக்கு அனுப்பிவிட்டாள். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். வாய் கத்தரிக்கோலைவிடக் கூர்மை. கையும் அப்படித்தான், சும்மா இருக்காது. தம்பி வீட்டுச் சமையல், துணி, பிள்ளையின் ஜடை எல்லாவற்றையும் அந்த வாரங்களில் அவளே பார்த்துக்கொண்டாள். திட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டாள்.

பள்ளிவாசல் கமிட்டிச் செயலாளர் நலம் விசாரிக்க வந்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். ரொட்டிப் பொட்டலத்தை வைத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"உடம்பைப் பார்த்துக்கட்டும். பிள்ளைங்க படிப்புதான் நின்னுபோச்சு. பெரிய ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு வகுப்பு நடக்குது. அங்க சேர்த்து விட்டுடலாம்னு கமிட்டியில பேச்சு."

பின்னாலேயே வந்திருந்த பேக்கரிக்காரம்மா விடவில்லை. "அந்த ரோட்டை நீங்க காலைல தாண்டிப் பார்த்திருக்கீங்களா? எனக்கே உயிர் போயிட்டு வருது. ஆறு வயசுப் பிள்ளையை யாரு கையைப் பிடிச்சு அனுப்புறது?"

"அதுக்காக ஓதாமலே விட்டுடலாமா? குரல் இல்லாம எப்படிம்மா ஓதிக்கொடுக்கிறது?"

உஸ்தாபி உள்ளறைக் கதவின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த மாசக் கடைசியில இமாம் பிள்ளைங்களைப் பரிட்சை வச்சுப் பார்க்கட்டும். அப்புறம் முடிவு பண்ணுவோம்," என்று சொல்லிவிட்டுச் செயலாளர் எழுந்தார்.

செல்போனில் ஓதலைப் போட்டுப் பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லவைக்கலாம் என்று நாத்தனார் ஒரு வழி சொன்னாள். வகுப்பு மறுபடி கூடியது. போன் சொல்ல, பிள்ளைகள் கத்தினார்கள். அறையே அதிர்ந்தது. துணி தேய்ப்பவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்றாவது நாள் உஸ்தாபி வரிசைக்குள் நடந்தாள். போன் ஒரு வரியில் இருந்தது, பிள்ளைகளின் விரல் வேறு வரியில் இருந்தது. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு ஆடினான். அவள் ஓட்டைப்பல்லின் முன்னாலிருந்த பாலபாடப் புத்தகத்தை மெல்லத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். ஓட்டைப்பல் நிறுத்தவேயில்லை. தலைகீழ் எழுத்தின்மேல் விரலை ஓட்டி, விசில் மாறாமல் வரியை முடித்துவிட்டு, பாராட்டுக்காக நிமிர்ந்து பார்த்தாள்.

உஸ்தாபி போனை அணைத்தாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். புருஷன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். புத்தகத்தை அவன் ஈரக்கையில் திணித்து, அவன் வாயைத் தொட்டு, முன்னறையைக் காட்டினாள். நீங்க சொல்லுங்க. நான் காட்டுறேன். என் வாய் நீங்க.

அவனுக்குப் புரிந்தது. முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான்.

"பட்டறையில அவசரமா ஒரு வண்டி நிக்குது," என்றான். புத்தகத்தைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டான்.

மத்தியானம் அவளே சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறைக்குப் போனாள். வெயிலில் தகரக் கூரை சடசடத்துக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸ் இறக்கிய லாரி ஒன்று கட்டைகளின்மேல் நின்றது. அடியில் அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. அவள் தூக்கைத் தரையில் வைத்தாள். கால்கள் அசைவதை நிறுத்தின.

"வந்திருக்கிறது நீதான்னு செருப்பைப் பார்த்தாலே தெரியுது," என்றது லாரிக்கு அடியிலிருந்து குரல். "நான் வெளிய வரல. இங்கிருந்தே சொல்லிடறேன். மூஞ்சியப் பார்த்தா வராது."

அவள் நின்றாள்.

"எனக்கு ஓதத் தெரியாது."

ஒரு நட்டு தரையில் விழுந்து உருண்டது.

"தொழுகையில ஓதறதெல்லாம் காதால கேட்டு மனப்பாடம். புத்தகத்தைத் திறந்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். சின்னதுல பாலபாடத்துல ரெண்டாம் பக்கம் வரைக்கும் போனேன். அப்புறம் அப்பா போயிட்டாரு. மறுவாரமே பட்டறையில விட்டுட்டாங்க. இங்க எல்லாம் ஸ்பானர் நம்பர்தான். அரபி எங்க வந்துச்சு?"

அவள் குனிந்து பார்த்தாள். அவன் மல்லாந்து கிடந்து, லாரியின் வயிற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"கல்யாணமான மறுநாள் காலைல நீ உட்கார்ந்து ஓதின. அந்தக் குரலைக் கேட்டுட்டு எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? நானும் பக்கத்துல ஒரு புத்தகத்தைத் திறந்து வச்சு உதட்டை ஆட்டினேன். அன்னைக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். மறுநாள் சொல்றது அதைவிடக் கஷ்டமாப் போச்சு. அப்புறம் பழகிடுச்சு. நீ பக்கம் திருப்பினா நானும் திருப்புவேன். அவ்வளவுதான் என் ஓதல்."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. தாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பக்கம் திருப்புவதை அவள் எத்தனையோ நாள் கடைக்கண்ணால் பார்த்திருக்கிறாள். நமக்கு வாய்த்தவர் நம்மோடு சமமாக ஓதுகிறவர் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கிறாள். தோழிகளிடம் சொல்லியும் இருக்கிறாள். கேட்கவும் திட்டவும் ஆயிரம் இருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். நின்று நின்று கோபம் தானாகவே இறங்கியது. இறங்கியபின் மிஞ்சியது, தினமும் விடியலில் தெரியாத எழுத்துக்கு முன்னால் உட்கார்ந்து உதட்டை அசைத்த ஒரு மனிதனின் உருவம்தான்.

அருகில் லாரி டயர் ஒன்று படுக்கையாகக் கிடந்தது. அதன்மேல் காற்று அளவு குறிக்கும் சாக்குக்கட்டி இருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து டயரின் கறுப்பில் ஒரு எழுத்து எழுதினாள். படகு மாதிரி ஒரு வளைவு, அடியில் ஒரு புள்ளி. ஒரு ஸ்பானரை எடுத்து பம்பரில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அவன் ஊர்ந்து வெளியே வந்தான். முகமெல்லாம் கிரீஸ். கண்ணோரம் மட்டும் வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. டயரைப் பார்த்தான்.

"பே," என்றான் தயங்கி. "இது தெரியும். ரெண்டாம் பக்கம்தானே."

அவள் எழுத்தின் மேலே ஒரு கோடு போட்டாள். அவன் விழித்தான். அவள் அவன் முகத்துக்கு நேராக வாயை நன்றாகத் திறந்தாள்.

"ப?"

தலையாட்டினாள். மேல்கோட்டை அழித்துக் கீழே போட்டாள். பல்லெல்லாம் தெரிய உதட்டை இழுத்தாள்.

"பி."

அதையும் அழித்து, மேலே சிறு கொம்பு வைத்தாள். உதட்டைக் குவித்துக் காட்டினாள்.

வயரிங் வேலை பார்க்கிறவர் அந்தப்பக்கமாக வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "என்னண்ணே, பட்டறையிலயேவா? அண்ணிக்கு உடம்பு சரியில்லைன்னீங்க, நல்லாத்தான் இருக்காங்க போல."

"யோவ், பாடம் நடக்குதுய்யா!"

"நடக்கட்டும் நடக்கட்டும். எங்க வீட்டுல இப்படிப் பாடம் நடந்து பல வருஷமாச்சு," என்று சொல்லிக்கொண்டே அவர் போய்விட்டார்.

அவள் வெட்கத்தில் முந்தானை முனையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் டயரைப் பார்த்து, தனக்குள் சொல்வதுபோல, "பு," என்றான்.

மறுநாள் காலை ஸ்பானர் மாமா குளித்து, துவைத்த சட்டை போட்டு, பிள்ளைகளின் வரிசைக் கடைசியில் வந்து உட்கார்ந்தான். முட்டி மடங்கவில்லை. நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. பிள்ளைகளுக்குத் திருவிழாவாக இருந்தது.

"மாமா, நீங்க எந்தப் பக்கம்?" என்று ஓட்டைப்பல் கேட்டாள்.

"ரெண்டு."

"நான் ஒன்பது," என்றாள் அவள், பெரிய மனுஷியைப் போல. "பரவாயில்ல. கஷ்டப்பட்டா வந்துடும்."

அன்றிலிருந்து பாடம் வேறு மாதிரி நடந்தது. உஸ்தாபி துடைப்பக் குச்சியால் எழுத்தைத் தொடுவாள். சொல்வது பிள்ளைகளின் வேலை. முன்கூட்டிச் சொல்லித்தர போனும் இல்லை, குரலும் இல்லை. எழுத்தைப் பார், கோட்டைப் பார், தப்பு என்றால் அவள் வாயைப் பார். அவள் வாய் திறந்தால் ஜபர், பல் தெரிந்தால் ஜேர், உதடு குவிந்தால் பேஷ். கத்திக்கொண்டிருந்த அறை அமைதியாகிவிட்டது. அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுத்தால் வழி தவறிவிடும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துபோயிற்று. தூங்கி வழிந்தவன்கூடக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தான்.

ஐன் வந்தபோதுதான் சிக்கியது. தொண்டை எழுத்தை உதட்டால் காட்ட முடியாது. அவள் யோசித்துவிட்டு மகளை எழுப்பி நிறுத்தினாள். வாலு ஐன் சொல்ல, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அவள் தொண்டையில் விரலை வைத்து, எங்கே அதிர்கிறது என்று தொட்டுப் பார்த்து, பிறகு தங்கள் தொண்டையில் தேடினார்கள். வாலுவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஐனுக்குப் பதில் பாதி நேரம் சிரிப்புதான் வந்தது.

மாமாவின் தப்புகள் பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக இருந்தன. அவன் ஜேருக்கு வாயைத் திறந்தால் அத்தனை பேரும் புத்தகத்துக்குள் தலையை விட்டு, "கீழ! கீழ!" என்பார்கள். அவனைத் திருத்துவதற்காகவே முந்தின நாள் பாடத்தைப் படித்துக்கொண்டு வந்தார்கள். தப்பு செய்தால் அடிக்க என்று சமையலறை ஹார்னை யாரோ கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். மாமா ஓதும்போது அது ஓயாமல் பாம் பாம் என்றது.

"மீசை நரைக்கிற வயசுல அலிஃப் பே," என்று நாத்தனார் ஜன்னல் வழியே சொன்னாள். "ஊரு கைகொட்டிச் சிரிக்குதுடா."

"சிரிக்கட்டும்கா. என்னைத் தவிர இங்க எல்லாருக்கும் அது தெரியுது. நான் தப்பா சொன்னா ஆறு வயசுப் பிள்ளை ஹார்ன் அடிக்குது. இதுக்கு மேலயா ஊரு?"

"நீயாச்சு உன் ஹார்னாச்சு." அவள் மெஷினை மிதிக்கப் போனாள். ஆனால் ஓதும் நேரத்தில் மட்டும் மெஷின் ஓடுவதில்லை. துணி வெட்டுகிற வேலையை அவள் அந்த நேரத்துக்கு வைத்துக்கொண்டாள். உஸ்தாபி அதைக் கவனித்தாள். பிள்ளைகளுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மாசக் கடைசியில் இமாமும் செயலாளரும் வந்தார்கள். இமாம் இளைஞர். அன்றைக்கு அவருக்குப் பலமான ஜலதோஷம், மூக்கு சிவந்திருந்தது. உஸ்தாபி சுவரோரம் நின்றாள். அவள் விரல்கள் துடைப்பக் குச்சியைச் சிறு சிறு துண்டுகளாக ஒடித்துக்கொண்டிருந்தன.

இமாம் ஓட்டைப்பல்லைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைத் திறந்தார். அவள் விரல் வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, மெதுவாக ஓதினாள். ஒரு கோடு தவறவில்லை.

"இது மனப்பாடமா இருக்கும்," என்றார் செயலாளர். "பிள்ளைங்க கெட்டிக்காரங்க."

"இருக்கலாம்," என்றார் இமாம். எழுந்து சுவரில் மூன்று எழுத்துகளை எழுதி, குறி போட்டார். "இது எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. அர்த்தமே இல்லாத சொல். இதைப் படி பார்ப்போம்."

ஓட்டைப்பல் சுவரைப் பார்த்தாள். பழக்கத்தில் உஸ்தாபியின் வாயைத் தேடினாள். உஸ்தாபி வாயை இறுக்க மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை மறுபடி சுவருக்கே போனாள்.

"கீழ கோடு. தி." மூச்சு வாங்கினாள். "கொம்பு. பு. மேல கோடு..." விசில் வந்தது. "ஸ. திபுஸ!"

"திபுஸ!" என்று அறை முழுவதும் சிரித்தது. இமாமும் சிரித்தார், சிரிப்பிலேயே தும்மினார். "மனப்பாடம் பண்ணினவங்களால இதைப் படிக்க முடியாது," என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "இந்தப் பிள்ளைக்கு எழுத்து தெரியுது."

செயலாளரின் பார்வை கடைசி வரிசைக்குப் போனது. "அங்க ஒரு பெரிய பிள்ளை உட்கார்ந்திருக்கே, அதுவும் பரிட்சைக்குத்தானா?"

ஸ்பானர் மாமா எழுந்திருப்பான் என்று உஸ்தாபி நினைத்தாள். பட்டறையில் வண்டி நிற்கிறது என்பான். அவன் எழுந்திருக்கவில்லை. "நானும் இங்கதான் ஓதறேன்," என்றான்.

"அப்ப முதல் அத்தியாயம் ஓதுங்க," என்றார் இமாம். எல்லாருக்கும் தெரிந்தது, தொழுகைதோறும் ஓதுவது. தைரியம் கொடுக்கத்தான் அதைச் சொன்னார்.

அவன் ஓதினான். நல்ல கனமான குரல். சரளமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரியில் ஒரு சொல்லைத் தாண்டியதும் பாம் என்று ஹார்ன் கத்தியது.

"மாமா, து இல்ல. த," என்றாள் ஓட்டைப்பல். "கொம்பு இல்ல, மேல கோடு. பாருங்க."

அவன் புத்தகத்தைக் குனிந்து பார்த்தான். மேல்கோடுதான்.

"அந்தக் கோடு இருந்தா, நீ அருள் கொடுத்தாய்னு அர்த்தம்," என்றார் இமாம் மெதுவாக. "கொம்பு வச்சுட்டா, நான் கொடுத்தேன்னு ஆயிடும்."

அவன் முகம் மாறியது. "சின்னதுல காதுல விழுந்தபடியே ஓதிட்டிருக்கேன். அப்ப இத்தனை வருஷமா, படைச்சவன்கிட்ட நின்னுகிட்டு, நான் கொடுத்தேன்னா சொல்லிட்டிருந்தேன்?"

செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு நிறுத்தி, அவரும் உதட்டுக்குள்ளேயே அந்த வரியை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார்.

"தெரியாம சொன்னதை அவன் பெருசா எடுத்துக்க மாட்டான்," என்றார் இமாம். "காதால கேட்டது தப்பா இருந்தா கண்ணுதான் திருத்தணும். அதுக்குத்தானே இந்தக் கோட்டையெல்லாம் போட்டு வச்சாங்க. இப்ப பார்த்துட்டீங்க. மறுபடி ஓதுங்க."

அவன் விரலை அந்த எழுத்தின்மேல் வைத்தான். நகக்கண் கறுப்பாக இருந்தது. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவள் கண் நிறைந்திருந்தது. ஆனாலும் வாயை மட்டும் பாடம்போல, தெளிவாக, திறந்து காட்டினாள்.

"த," என்றான் அவன்.

வகுப்பை எங்கும் மாற்றவேண்டாம் என்று இமாம் வாசலில் நின்று சொன்னார். செயலாளர், "நான் எப்ப மாத்தச் சொன்னேன்? ஒரு யோசனைதான் சொன்னேன்," என்றார்.

குரல் வந்தது அதற்குப் பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஒரு காலையில். வாலு சூடான இஸ்திரிப் பெட்டியைத் தொடப்போனாள். சமையலறையிலிருந்து "ஏய்!" என்று ஒரு சத்தம் கேட்டது. தகரத்தைத் தரையில் இழுத்தமாதிரி இருந்தது.

வாலு திரும்பிப் பார்த்தாள். "அம்மா, உள்ள யாரு?"

உஸ்தாபி கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்து, "நான்தான்," என்றாள். அதுவும் தகரம்தான். பிள்ளை ஓடிவந்து அவள் தொண்டையில் விரலை வைத்தது, ஐன் பாடத்தில் செய்வதுபோல. "அதிருதும்மா!" என்று கத்தியது.

பழைய குரல் வரவில்லை. இனி வராது என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். கனத்த, கரகரத்த குரல். உச்சத்துக்குப் போனால் உடைந்தது. சில நாள் அவள் பேச வெட்கப்பட்டாள்.

"சைலன்சர் கொஞ்சம் அடிவாங்கியிருக்கு," என்றான் அவள் புருஷன். "வண்டி ஓடுது இல்ல. அது போதும்."

"உங்களுக்கு எல்லாம் லாரிதான்," என்றாள் அவள், தகரக் குரலில். அவன் அந்த வாக்கியத்தை இரண்டு தடவை சொல்லச்சொல்லிக் கேட்டான்.

குரல் வந்தபின்னும் அவள் பாடத்தை மாற்றவில்லை. பிள்ளைகள் முதலில் பார்த்துப் படிக்கவேண்டும், தேவைப்பட்டால்தான் அவள் சொல்வாள். ஸ்பானர் மாமா பதினோராம் பக்கத்துக்கு வந்திருந்தான். ஓட்டைப்பல்லுக்குப் புதுப் பல் முளைத்து விசில் நின்றுபோனது.

ஒருநாள் மத்தியானம் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். நாத்தனார் வந்தாள். கழுத்தில் டேப், தலையில் நூல் துணுக்கு. உள்ளே வந்ததும் கதவைத் தாழ்போட்டாள். ஜன்னலையும் சாத்தினாள்.

"என்னக்கா, புழுங்குமே?"

"புழுங்கட்டும்." உட்காராமல் நின்றாள். டேப்பின் நுனியைச் சுருட்டினாள், விரித்தாள். "அவன் உன்கிட்ட லாரிக்கடியில கிடந்து சொன்னானாமே. எனக்கு அந்த வசதியும் இல்ல. நேராத்தான் சொல்லணும்."

உஸ்தாபிக்கு அப்போதும் புரியவில்லை.

"எனக்கும் தெரியாதுடி. அப்பா போனப்ப அவனைப் பட்டறைக்கு அனுப்பினாங்க, என்னை மெஷின்ல உட்கார வச்சாங்க. அவனாவது ரெண்டாம் பக்கம் போனான். நான் அட்டையையே தாண்டல." குரல் முதல்முறையாகத் தணிந்தது. "காலைல நீங்க ஓதறப்ப கத்தரிக்கோலைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுட்டிருப்பேன். ஓசை தெரியுது. எந்தக் கோட்டுக்கு எந்த ஓசைன்னுதான் தெரியல. பிள்ளைங்களோட உட்கார என்னால முடியாது. அந்த ஓட்டைப்பல் எனக்கு ஹார்ன் அடிச்சா நான் செத்துடுவேன்."

"ஹார்ன் இல்லக்கா," என்றாள் உஸ்தாபி. பாயை விரித்தாள். "உட்காருங்க."

நாத்தனார் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "ஊசிக் காதுல நூல் கோக்கிற கண்ணுக்கு இந்தக் கோடு தப்பிச்சிடுமா, பார்க்கிறேன்."

அன்றைக்குப் பட்டறையில் வேலை குறைவு. அவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்தான். கதவு தாழிட்டிருந்தது. வெயில் நேரத்தில் ஜன்னலும் ஏன் சாத்தியிருக்கிறது என்று பயந்து, தட்டக் கையைத் தூக்கினான். உள்ளே மனைவியின் கரகரத்த குரல், "வாயை நல்லாத் திறங்கக்கா," என்றது. அதன்பின் அவனுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கமான, சந்தே நடுங்கும் இன்னொரு குரல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ஒவ்வொன்றாகச் சொன்னது.

"ப. பி. பு." சற்று நிறுத்தி, "சரியாடி?" என்றது.

அவன் தூக்கிய கையைச் சத்தமில்லாமல் இறக்கினான். குதிகாலை ஊன்றாமல் படியிறங்கி, சந்துமுனைத் தேநீர்க் கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"என்ன, இன்னைக்கு வீட்டுல சாப்பாடு இல்லையா?" என்றார் கடைக்காரர்.

"இருக்கு. பசியும் இருக்கு," என்றான் அவன். "வீட்டுல ஓதிட்டிருக்காங்க. மெதுவாப் போறேன். ஒரு டீ போடுங்க."